டெல்மரின் ஒன்பது மீன்கள்

டெல்மர் கோஸ்கிக்கு அறுபத்திரண்டு வயது. காகித ஆலையில் முப்பத்தாறு வருஷம் உழைத்து, இடது காதின் கேட்கும் திறனையும் ஒரு சுண்டுவிரலையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவன். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் கையை நீட்டி ஆற்றுக்கு அக்கரையைக் காட்டுவார்கள். கொலம்பியா ஆற்றின் அந்தக் கரையில், படகுத்துறைக்கு மேலே, ஒரு மஞ்சள் வீடு. அதில் ஆர்லீன்.

ஆர்லீன், ஜீனின் மனைவி. ஜீனும் டெல்மரும் ஆலையில் ஒரே இயந்திரத்தில் நின்றவர்கள். ஜீன் உயிரோடு இருந்தவரை டெல்மர் அந்தப் பாலத்தைத் தாண்டியதே இல்லை. என்னிடம் முடிவெட்ட வந்து உட்காருவான். ஜீன் பேச்சை எடுத்தால் வாய் திறப்பான், ஆர்லீன் பேச்சை எடுத்தால் கண்ணை மூடிக்கொள்வான். இருபது வருஷமாகக் கத்தரிக்கோல் பிடிப்பவன் நான். ஒருவன் கண்ணை எப்போது மூடுகிறான் என்பது எனக்குத் தெரியாதா?

ஜீன் செத்த மறு வருஷம் ஏப்ரலில், டெல்மர் அந்த வசந்தத்தில் தான் பிடித்த முதல் சால்மன் மீனை ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டினான். அவள் வாங்கிக்கொண்டாள், காபி கொடுத்தாள், இவன் குடித்துவிட்டு வந்துவிட்டான். அவ்வளவுதான். அப்படி ஒன்பது ஏப்ரல், ஒன்பது மீன், ஒன்பது காபி. கரையில் மீன் பிடிக்கும் எல்லோருக்கும் விஷயம் தெரியும். அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியாது.

பத்தாவது வருஷம் மஞ்சள் வீட்டு வாசலில் ‘விற்பனைக்கு’ பலகை முளைத்தது. ஆர்லீன் அரிசோனாவில் இருக்கும் மகளிடம் போகிறாள், சனிக்கிழமை சாமான் வண்டி வருகிறது என்று நான்தான் அவனிடம் சொன்னேன். அவன் தலையாட்டினான். இந்தத் தடவை மீனைக் கொடுத்துவிட்டு, போகாதே என்று கேட்டுவிடுவதாகச் சொன்னான். ஆனால் மீன் வேண்டும். பனி உருகி ஆறு கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வாரமாக அவன் தூண்டிலை ஒரு மீன்கூடக் கடிக்கவில்லை. அந்த வியாழக்கிழமையோடு சீசனும் முடிகிறது.

அந்தக் கடைசி நாள் விடிவெள்ளி முளைக்கும்போதே நாங்கள் இருவரும் மணலில் இரும்புக் குழாய்களை அடித்து, தூண்டில் கம்புகளைச் சொருகி, நுனியில் சின்ன மணியைக் கட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தோம். சாயம் ஏற்றிய இறாலும் கனத்த ஈயக்கட்டியும் ஆற்றின் அடியில் கிடந்தன. இந்த மீன்பிடியில் வேலையே உட்காருவதுதான். கப்பல் போனால் பின்னாலேயே அலை வரும்; நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். மற்ற நேரமெல்லாம் நான் பேசுவேன், டெல்மர் தன் செவிட்டுக் காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வான்.

ஏழரைக்கு அவன் மணி அடித்தது. அவனுக்குக் கேட்கவில்லை, நான்தான் தோளில் குத்தினேன். எழுந்து ஓடிய வேகத்தில் காபி மணலில் கொட்டியது. கம்பு வளைந்து நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் வழக்கப்படி தங்கள் தூண்டில்களைச் சுருட்டி வழி விட்டார்கள். கால் மணி நேரம் அவனும் மீனும் இழுத்துக்கொண்டார்கள். கடைசியில் முழங்கால் தண்ணீரில், வெள்ளித் தட்டு போலப் பக்கவாட்டில் சாய்ந்தது. இருபது பவுண்டு இருக்கும்.

டெல்மர் குனிந்து அதன் முதுகில், வாலுக்குக் கொஞ்சம் முன்னால் விரலை ஓட்டினான். அப்படியே நின்றுவிட்டான்.

துடுப்பு இருந்தது. பண்ணையில் பொரித்து விடும் மீன் என்றால் குஞ்சிலேயே அந்தச் சின்னத் துடுப்பை நறுக்கிவிடுவார்கள், அதை நாம் எடுத்துக்கொள்ளலாம். துடுப்போடு இருந்தால் ஆற்றிலேயே பிறந்தது. சட்டப்படி அதைத் தண்ணீரைவிட்டுத் தூக்கக்கூடாது.

நான் அவன் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னேன்: “கத்தி எங்கிட்ட இருக்கு. துடுப்ப நறுக்க ஒரு நொடி வேல. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிறேன்.”

“நீ திரும்பி நின்னாலும் சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிரும், லானி.”

“சரி, தெரியட்டும். சனிக்கிழம அவ போயிருவாடா.”

“திருட்டு மீனக் கொண்டுபோய் அவ கையில குடுக்கச் சொல்றியா?”

முள்ளைக் கழற்றினான். மீனை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு நின்றான். அது மூச்சு வாங்கியது, அவனும்தான். பிறகு வால் ஒருமுறை அடித்தது, கலங்கல் தண்ணீர் மட்டும் மிஞ்சியது. வந்து உட்கார்ந்தான். மறுபடி இறால் கோக்கக் கை போகவில்லை. வெறுங்கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்றான்.

என் வாழ்நாளில் நான் காப்பாற்றிய ரகசியம் ஒன்றே ஒன்றுதான். அதையும் அன்றைக்கு உடைத்தேன்.

“டேய், அவ சால்மன் சாப்பிட மாட்டா.”

நல்ல காதைத் திருப்பினான்.

என் கொழுந்தியாள் மார்வாவின் வீடு மஞ்சள் வீட்டுக்கு அடுத்த வீடு. ஆர்லீனுக்குச் சின்ன வயதிலிருந்தே சால்மன் வாடை ஆகாது. டெல்மரின் வண்டி தெருமுனை தாண்டி மறைந்ததும் அவள் மீனைத் தூக்கிக்கொண்டு மார்வா வீட்டுக்குப் போவாள். மார்வா அதைப் புகைபோட்டுப் பாதியை எங்கள் வீட்டுக்கு அனுப்புவாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

“ஒம்பது வருஷமுமா?” என்றான்.

“மூணாவது வருஷத்துது மட்டும் உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு.”

அடிப்பான் என்று நினைத்தேன். அவன் அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தான். “அப்ப எதுக்கு வாங்குனா?”

“அத என்னையாடா கேக்குற?”

எழுந்து போனான். கால்சராய் முழங்கால்வரை சொட்டச் சொட்ட, கையைக்கூடக் கழுவாமல் வண்டியைக் கிளப்பினான். பாலம் சுற்றிப் போக அரைமணி ஆகும். நான் பக்கத்து ஆளிடம் தொலைநோக்கியை இரவல் வாங்கினேன். வெட்கமென்ன, எங்கள் கரையில் இருந்த ஆறு பேரும் முறை வைத்துப் பார்த்தோம்.

கதவு திறந்தது. ஆர்லீன் அவன் கைகளைப் பார்த்தாள், பின்னால் வண்டியைப் பார்த்தாள். டெல்மர் ஏதோ சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் அகல விரித்து மீனின் நீளத்தைக் காட்டினான். அவள் ஒரு படி இறங்கி வந்து அவன் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தாள். பிடித்து, மெதுவாக, ஒன்றுக்கொன்று கொஞ்சம் நெருக்கினாள். இவ்வளவுதான் இருக்கும் என்பதுபோல. ஆனால் கையை எடுக்கவில்லை. நான் தொலைநோக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மதியம் திரும்பி வந்தான். கேட்டாயா என்றேன். கேட்டானாம். வீடு விற்றாகிவிட்டது, மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது, இருக்கமுடியாது என்றாளாம்.

“அப்புறம் அவ ஒண்ணு கேட்டா. நீ வாயேன்னா.”

“நீ என்னடா சொன்ன?”

“யோசிச்சுச் சொல்றேன்னேன்.”

நாக்கில் இருபது கிண்டல் வந்து நின்றது. ஒன்றையும் வெளியே விடவில்லை. அவன் ஆற்றைப் பார்த்தபடி, “அங்க ஆறு இல்லியாமேடா,” என்றான். “காலைல எந்திரிச்சு என்ன பண்ணுவாங்க?”

சனிக்கிழமை சாமான் வண்டி போயிற்று. டெல்மர் போகவில்லை. அது நடந்து நாலு வருஷம். ஒவ்வொரு ஏப்ரலிலும் முதல் மீன் விழுந்ததும் கரையில் நின்றே அரிசோனாவுக்குப் போன் போட்டு நீளம் சொல்கிறான். அவள் நாலு அங்குலம் குறைத்துச் சொல்கிறாளாம். அதற்குமேல் இரண்டு பேரும் பேசுவதில்லை, போனையும் வைப்பதில்லை. கடைசியில் அவள் எப்போது வருகிறாய் என்பாளாம். அவன் சொல்லும் பதில் மட்டும் எனக்குக் கேட்கும்.

“இந்தச் சீசன் முடியட்டும், ஆர்லீன்.”