கிரகணத்தன்று வெட்டிய அயிலை

பாறசாலையில் வீட்டுக்கு வயரிங் செய்யவேண்டுமென்றால் ஜெயனைத்தான் கூப்பிடுவார்கள். வலதுகையில் கட்டைவிரல் இருக்கவேண்டிய இடத்தில் சின்ன மொட்டு மட்டும்தான். ஆனாலும் மற்ற நான்கு விரல்களால் அவன் ஸ்குரூ முறுக்கும் வேகம் அசத்திவிடும். சின்ன வயதில் ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலரில் விரல் மாட்டிக்கொண்டது என்று சொல்லுவான். பெண் பார்க்கப் போனபோது அம்மா விலாசினி சொல்லிக்கொடுத்த பொய் அது. பிறவிக்குறை என்றால் யார் பெண் தருவார்கள்?

அதை நம்பித்தான் அனகா கட்டிக்கொண்டாள். ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தைக்கு ஒரு கட்டைவிரல் சரியாகத் தெரியவில்லை, இதயத்தையும் பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்கவேண்டும் என்றார்கள். அன்றே விலாசினி ஆரம்பித்துவிட்டாள்.

"கிரகணத்தன்னைக்கு கத்தி தொடாதேன்னு சொன்னேன் இல்லியா? அயில வெட்டினியே பிள்ளே, இப்பம் பாரு!"

உண்மை தெரிந்த வாய்தான் இதைச் சொன்னது. அந்த அயிலை மீன் குழம்பை ஊற்றித் தின்ற ஜெயனும் வாயைத் திறக்கவில்லை. கோழை என்றால் கோழைதான். சொன்னால் அனகா அதியன்னூருக்கு, தாய்வீட்டுக்குப் போய்விடுவாளோ என்று பயம்.

பதினாறாம் நாள் திருவனந்தபுரத்தில் டாக்டரம்மா நெடுநேரம் ஸ்கேன் பார்த்தார். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை இருந்தது. குடும்பத்தில் யாருக்காவது கையிலோ இதயத்திலோ குறை உண்டா என்று கேட்டார்.

அனகா முந்திக்கொண்டாள். "யாருக்கும் இல்ல டாக்டர். எனக்க தப்பாக்கும். கிரகணத்தன்னைக்கு மீன் வெட்டினேன்."

அதற்குமேல் ஜெயனால் தாங்க முடியவில்லை. கையை நீட்டினான். "இது ரோலரில மாட்டினதில்ல டாக்டர். பிறவியாக்கும். எனக்க அப்பாவுக்கும் இப்படித்தான். நாப்பத்திரெண்டு வயசில திடீர்னு நெஞ்சு நின்னு போச்சு."

டாக்டர் பொறுமையாக விளக்கினார். சில குடும்பங்களில் கையும் இதயமும் சேர்ந்தே பாதிக்கப்படும். தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரச் சரிபாதி வாய்ப்பு உண்டு. கத்திக்கும் கிரகணத்துக்கும் இதில் சம்பந்தமே இல்லை. முன்கூட்டியே தெரிந்ததால், குழந்தை இதய மருத்துவர்கள் இருக்கும் இடத்தில் பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம். ஜெயனின் இதயத்தையும் உடனே எக்கோ எடுத்துப் பார்க்கவேண்டும்.

எக்கோ அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தார்கள்.

"பிறவின்னு சொல்லியிருந்தாலும் நான் உங்கள கெட்டியிருப்பேன்" என்றாள் அனகா.

அவனுக்கு மூச்சு வந்தது.

"ஆனா பதினாறு நாளு நான் கத்தியத் தொடல்ல. எனக்க கையாலதான் பிள்ளைக்கு இப்படி ஆச்சுன்னு, வயித்தத் தடவக்கூட பயமாட்டு இருந்துது. அதையும் பாத்துகிட்டே நிங்க சோறு தின்னியளே."

உள்ளேயிருந்து ஜெயனின் பெயரைக் கூப்பிட்டார்கள். அழுதுகொண்டே அனகாதான் அவனைப் பிடித்து எழுப்பினாள்.