தாகம் என்றவளுக்கு நான் சொன்ன பதில்

என் தங்கைக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று சொன்னவன் நான். அது சரியா தவறா என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டேன். அதுதான் நான் செய்த குற்றம்.

சுதந்திரம் வந்த மறு வருஷம். அவளுக்குப் பதினைந்து வயது. மண்டபம் ஊருக்குப் பக்கத்திலுள்ள எங்கள் கரையூரிலிருந்து மதுரைக்குப் போய்ப் படித்து, வாத்தியாராகத் திரும்பிய முதல் ஆள் நான். படகுக்காரர் வீட்டுச் சம்பந்தம் வந்தபோது உனக்குச் சம்மதமா என்று அவளை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், வெகுநேரம் வலியில் கிடந்து ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள்.

பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் ஊரில் தண்ணீரைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். பச்சை உடம்பில் நீர் இறங்கினால் வயிறு ஊதிவிடும், புண் ஆறாது என்பார்கள். தாகம் என்றால் சுக்கும் கருப்பட்டியும் சேர்த்து இடித்த மருந்தில் ஓர் உருண்டை கொடுப்பார்கள். அதைத் தின்றால் தொண்டை இன்னும் வறளும்.

மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. உதடு வெடித்து, நாக்கு தடித்து, பேச்சு குழறியது.

"எம்மா, ஒரு வாய் குடும்மா. முழுங்க மாட்டேன், நாக்க நனைச்சிட்டுத் துப்பிர்றேன்."

அம்மா மனம் இளகிச் செம்பைக் கையில் எடுத்துவிட்டாள். இருந்தாலும் பயம். அறை வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள்.

"ஏய்யா, நீ படிச்சவன். புள்ள துடிக்கிறா. ஒரு மடக்கு குடுக்கலாமா? ஒங்க பொஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?"

எந்தப் புத்தகத்திலும் நான் அதைப் படித்ததில்லை. "குடுக்காதம்மா. குடல்ல தண்ணி கோத்துக்கிரும். விஞ்ஞானப்படியும் அது சரிதான்" என்றேன். அம்மா செம்பைக் கீழே வைத்தாள். உள்ளே கிடந்தவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் அவளுக்கு நினைவு தப்பியது. ரயிலேற்றி ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனோம். கைக்குழந்தையோடு நின்ற எங்களைப் பார்த்து ஆஸ்பத்திரி லேடி டாக்டர், "ரெண்டும் புள்ளையாத்தான் இருக்கு. இதுல எந்தப் புள்ளைக்கு வைத்தியம் பார்க்கணும்?" என்று கேட்டார். சோதித்துவிட்டு, கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கிறது, பிரசவம் பார்த்த கை சுத்தமில்லை, தண்ணீர் இல்லாமல் வறண்டதில் பாதி உயிர் போய்விட்டது என்றார்.

"தண்ணி குடுக்கக் கூடாதுன்னு யார் சொன்னது?"

"இவ அண்ணன்தாம்மா. வாத்தியாரா இருக்கான்" என்றாள் அம்மா, அப்போதும் பெருமை விடாமல்.

"என்ன பாடம் நடத்துறீங்க?"

"உடல்நலப் பாடமும் நடத்துறேன்" என்றேன்.

தங்கை பிழைத்தாள். இனிக் கரு தங்காது என்று சொல்லியனுப்பினார்கள். அதைக் கேட்டபின் புருஷன் வீட்டார் அவளை அழைக்க வரவேயில்லை. பாவாடை கட்டித் திரிகிற பிள்ளையைக் கட்டிக்கொடுக்கிறார்கள். அழுக்குத் துணியில் படுக்கப் போட்டுக் குடிக்கத் தண்ணீர் இல்லை என்கிறார்கள். கடைசியில் கோளாறு அவள் உடம்பில்தான் என்று கைகழுவுகிறார்கள். இந்த அக்கிரமத்துக்கு வழக்கம் என்று பெயர். நானோ அந்த வழக்கத்துக்கு விஞ்ஞானம் என்று முத்திரை குத்திக் கொடுத்தேன். அதுவரை இளகிய மனசுக்காரிகள் யாருக்கும் தெரியாமல் ஒரு வாய் கொடுத்துவந்தார்கள். வாத்தியாரே சொல்லிவிட்டார் என்ற பேச்சு பரவியதும் அதுவும் நின்றது.

ஒருநாள் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்ட கேட்டு என்னண்ணே ஆகப்போகுது? ஊர்ல போய்ச் சொல்லு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் வெளியே வந்தபோது மாதா கோயில் வாசலில் நின்று சொன்னேன். அன்று தெரியாததைத் தெரிந்ததுபோலப் பொய் சொல்லிவிட்டேன், பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் கொடுங்கள், உடம்பு முதிராத பிள்ளைகளைக் கட்டிக்கொடுக்காதீர்கள் என்றேன்.

"பேறுகால வீட்டுப் பேச்ச ஒரு ஆம்பள கோயில் வாசல்ல நின்னு பேசுறான், வெக்கங்கெட்டவன்" என்று ஒருத்தி முக்காட்டை இழுத்துக்கொண்டு போனாள்.

சொந்தப் படகுகள் வைத்திருந்த சம்மாட்டி ஒருவர் சிரித்தார். "அன்னைக்கு நீ சொன்னது படிப்பு. இன்னைக்குச் சொல்றது தங்கச்சி பாசம். நாங்க படிப்பத்தான்யா நம்புவோம்."

பிறகு வீடு வீடாகப் போனேன். சில வீடுகளில் கேட்டுக்கொண்டார்கள். சில வீடுகளில் மோர் கொடுத்து உபசரித்து, ஆகட்டும் என்று தலையாட்டினார்கள். அப்படித் தலையாட்டிய ஒரு வீட்டில் அடுத்த கோடையில் பதினாலு வயது மருமகள் பிள்ளை பெற்று, காய்ச்சலில் இறந்துபோனாள். அடக்கத்துக்குப் போயிருந்தேன். மண் தள்ளி முடிந்ததும் அவளுடைய மாமனார் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நாங்க ஒரு கொறையும் வைக்கல வாத்தியாரய்யா. நீங்க மொதல்ல சொன்னபடியேதான் செஞ்சோம். கடைசி வரைக்கும் ஒரு சொட்டு குடுக்கல."