ஒட்டி நின்ற கப்பல்கள்

விண்வெளியில் நான் நடத்திய முதல் போர், சாத்தூரில் எங்கள் வீட்டு அடுப்படியிலேயே தோற்றுப்போனது. தோற்கடித்தவர் என் வீட்டுக்காரர்.

நான் அப்போது நடுநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். அவர் சிவகாசி ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். கேபிள் டிவியில் ஞாயிறு தவறாமல் தமிழ் பேசும் வெள்ளைக்காரர்கள் விண்கப்பல் ஏறிச் சண்டை போட்டார்கள். பார்த்துப் பார்த்து எனக்கும் கை துறுதுறுத்தது. ஏற்கெனவே ஒரு வாரப் பத்திரிகைக்கு இரண்டு கதை அனுப்பி, இரண்டும் போன வேகத்தில் திரும்பியிருந்தன. இதுவும் திரும்பினால் இனிப் பேனாவையே தொடமாட்டேன் என்று பள்ளியில் எல்லா டீச்சர்கள் முன்னாலும் சபதம் வேறு போட்டுவிட்டேன். என் வாய் சும்மா இருந்தால்தானே!

கதையில் நூறு கப்பல்கள் தோளோடு தோள் உரச முன்னேறும். கடைசியில் தளபதி தன் கப்பலோடு வெடித்து வீரமரணம் அடைவார். இவருக்குச் சோறு போட்டுவிட்டு வாசித்துக் காட்டினேன். தளபதி சாகும் இடத்தைக் குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன்.

"ஏன் டீச்சரம்மா, இம்புட்டுக் கப்பலும் எதுக்கு ஒட்டி ஒட்டி நிக்குது?" என்றார்.

"படைன்னா அணிவகுப்பு இருக்கும்ல."

"ஒன்னு வெடிச்சா?"

"வெடிச்சா அது போகும்."

"அது மட்டுமா போகும்?" என்று கேட்டுவிட்டு ரசத்தை ஊற்றச் சொன்னார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "விண்வெளியில காத்தே கிடையாதுங்க. நெருப்பு எப்படிப் பரவும்? பள்ளிக்கூடம் போனீகளா, இல்ல மாடு மேய்ச்சீகளா?"

"வெடியுப்பு இருக்கையில காத்து எதுக்கு? தனக்கு வேணும்கிற காத்தை அதுவே கொண்டாந்துரும். சரி, நெருப்பை விடு. தெறிக்கிற தகடு? இங்கன கொஞ்ச தூரம் போயி விழுந்துரும். அங்கன எங்க போயி விழும்?"

விழாது. தடுக்க எதுவும் இல்லாத இடத்தில் போகிற பொருள் போய்க்கொண்டே இருக்கும். அந்த வாரம்தான் எட்டாம் வகுப்புக்கு அந்தப் பாடத்தை நடத்தியிருந்தேன். அந்தக் கோபத்தில் அவருக்கு அப்பளம் வைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பைக்கில் என்னைக் கம்பெனிக்குக் கூட்டிப்போனார். விடுமுறை, ஆள் யாரும் இல்லை. கரிசல் காட்டில் சின்னச் சின்ன அறைகள் தள்ளித் தள்ளி நின்றன. ஒன்றின் வாசலை இன்னொன்றின் வாசல் பார்க்கவில்லை. நடுவில் மண்மேடு. ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது. வெடிமருந்தும் அப்போதைக்கு வேண்டியது மட்டும்தான். வாசலில் ஒரு செம்புத் தகடு. உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்க, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

"இதுதான் அணிவகுப்பு," என்றார்.

பிறகு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தன் பாட்டைச் சொன்னார். தீபாவளி சீசன். மத்தியானம் ஆனதும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தூக்குவாளியோடு ஒரே அறையில் கூடிவிடுகிறார்களாம். மருந்து பக்கத்திலேயே இருக்க, குழம்பை மாற்றி ஊற்றிக்கொண்டு ஊர்க்கதை. மரத்தடிக்கு வரச் சொன்னால், "இந்தா வாறோம் சார்," என்று சிரிப்பதோடு சரி.

"ஏன்னு வெளக்கிச் சொல்ல வேண்டியதுதானே?"

"எங்க சொல்ல விடுதாக?"

கம்பெனிக்குள் தீ விபத்து என்ற பேச்சையே எடுக்கக்கூடாது. எடுத்தால் நடந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. இவர் ஆரம்பித்தாலே, இருப்பதில் மூத்த அக்கா இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொள்வாராம். "நெருப்புன்னா வாயா வெந்துரும்?" என்று இவரும் கேட்டுப் பார்த்துவிட்டார். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

"சீசன் முடியிற மட்டும் எனக்கு மத்தியானச் சோறு எறங்காது," என்றார். காலையில் டப்பா கட்ட வேண்டாம் என்று அவர் சொல்லிவந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. பயந்துவிட்டேன். அந்த மனுஷன் மேல் பாசமும் பொங்கியது, ஆனால் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து போரை முதலிலிருந்து நடத்தினேன். என் கப்பல்கள் இப்போது ஒன்றையொன்று கண்ணால் பார்க்க முடியாத தூரத்தில் நின்றன. கப்பலுக்கு நாலு பேர். எதிரி வந்து ஒன்றை அடித்தான். அந்த ஒன்றோடு போயிற்று, அதிலிருந்த நாலு பேரும் முன்பே சிறு படகில் தப்பியிருந்தார்கள். கும்பலாக வந்த எதிரிக்கு, உடைந்த தன் கப்பலின் தகடே எமன் ஆனது. சத்தம் இல்லை, புகை இல்லை.

"தளபதி சாக வேண்டாமா?" என்று கேட்டேன்.

"அவன் எதுக்குச் சாகணும்? எல்லாத்தையும் வீட்டுக்கு அனுப்பிட்டு, கடைசியா கேட்டைப் பூட்டிட்டு வரட்டும்."

இந்தத் தடவை அனுப்பியது திரும்பவில்லை, பத்திரிகையில் கதை வந்துவிட்டது! பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் ஓடாத குறை. வீட்டுக்கு வந்து நிதானமாகப் பக்கத்தைப் பிரித்தால், படம். இட்லித் தட்டில் மாவு ஊற்றியதுபோல நூறு கப்பல்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. நடுவில் ஒன்று வெடிக்க, எல்லாவற்றிலும் தீ, புகை.

"படுபாவி, கதையைப் படிச்சுத்தான் வரைஞ்சானா!" என்று கத்தினேன். நிஜமாகவே அழுதேன். இவர் இருமல் வருமளவுக்குச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கத்தரிக்கோல் எங்க இருக்கு?" என்றார்.

மறுநாள் அந்தப் படம் கம்பெனி வாசலில், வருகைப்பதிவு எடுக்கும் இடத்தில் ஒட்டப்பட்டது. என்ன படம் என்று பெண்கள் கேட்க, டீச்சர் எழுதிய கதை என்றாராம். "இதுல ஒன்னு போனா எத்தனை போகும், எண்ணிச் சொல்லுங்க பாப்போம்." எங்கோ ஆகாயத்தில் நடக்கிற சங்கதிதானே, யாரும் காதைப் பொத்தவில்லை. விரல் வைத்து எண்ணிக்கொண்டே போனவர்கள் பாதியில் நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்களாம்.

ஒரு வாரம் கழித்து, "நாளையில இருந்து மத்தியானத்துக்கும் சோறு கட்டு," என்றார்.

கட்டினேன். முதல் நாளே மறந்து வைத்துவிட்டுப் போனார். காலாண்டு லீவு, நானே கொண்டுபோனேன். மரத்தடியில் அம்புட்டுப் பேரும் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தார்கள். அறைகள் காலியாகக் கிடந்தன. மூத்த அக்கா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, குரலைத் தணித்துக் கேட்டார்.

"டீச்சர், அந்தக் கப்பல்காரவுக எல்லாரும் கடைசியில வீட்டுக்குப் போயிருவாகளா?"

"எல்லாரும் போயிருவாக, அக்கா."

"அது போதும்," என்று வாளியை மூடி எழுந்து, செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்.

இவர் அதற்குள் டப்பாவைக் காலி செய்துவிட்டு, ரசம் கொண்டுவரவில்லையா என்றார்.