மிளகாய்ப் புகை வந்த வீடு

தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த எழுபதுகளில், கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு மருந்தகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. முத்தையாபுரத்தில் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு வாரந்தோறும் போக வேண்டும். பிள்ளைக்கு என்ன ஊட்டுவது, எப்படித் தூங்கவைப்பது, அடம்பிடித்தால் அடிக்காமல் எப்படிச் சமாளிப்பது என்று தாய்மாருக்குச் சொல்லித்தர வேண்டும். எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவன் வீட்டுக்கு முதல் தடவை போனபோது, கதவிடுக்கில் மிளகாய்ப் புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு குழந்தை மூச்சு கிடைக்காமல் இருமியது. கதவைத் தள்ளினேன். மூன்று வயது மகளின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து, முகத்தை அடுப்பின் மேல் கவிழ்த்து வைத்திருந்தாள் தாய்.

"இனி பாயில ஒண்ணுக்குப் போவியா? செத்துத் தொலை, சவமே!"

தொட்டிலில் கைக்குழந்தை வீரிட்டது. நான் ஓடிப்போய்ச் சிறுமியைப் பிடுங்கினேன். அவள் தொடையில் கரண்டிக்காம்பால் சுட்ட தழும்புகள் வரிவரியாக இருந்தன.

"ஏளா, நீ யாரு? எம் பிள்ளைய நான் கொல்லுவேன், வளப்பேன். நீ பிள்ள பெத்திருக்கியா?" கையில் அகப்பட்ட செம்பை என் மேல் எறிந்தாள். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

தையல் போட்ட நர்ஸ், போலீஸுக்குச் சொல்லலாம் என்றார். ஆனால் போலீஸ் தாயைக் கூட்டிப்போய்விட்டால் பிள்ளைகள் அப்பன் கையில்தான் இருக்கும். அவன் கை எப்படிப்பட்டது என்று அந்த வரிசை வீடுகளுக்கே தெரியும். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுநாள் போனேன்.

அவள் என் தையலைப் பார்த்தாள். அழுத குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். அவள் பானையிலிருந்த பழைய சோற்றை அள்ளி அள்ளித் தின்றாள். முழங்கைக்கு மேலே புருஷன் அடித்த அடி கன்றிப்போய்க் கிடந்தது. பிள்ளையை அடிக்காதே என்று அன்று நான் சொல்லவில்லை.

சில வாரம் கழித்து, எனக்குக் கற்றுக்கொடுத்ததை அப்படியே சொன்னேன்: "கோவம் வந்தா வெளிய போய் மொகத்துல தண்ணி அடிச்சுக்கிட்டு நில்லுங்க."

அவள் சிரித்துவிட்டாள். "குடிக்கவே தண்ணி இல்ல. மொகத்துல அடிக்கணுமாக்கும்!" பிறகு அவளாகவே, "கோவம் வரும்போது அடுத்த வீட்டுக்காரி பிள்ளைய வாங்கிக்கிட்டா நல்லாருக்கும்" என்றாள்.

நான் போய்க் கேட்டபோது அடுத்த வீட்டுக்காரி, ஊர்வம்பு நமக்கெதுக்கு என்றாள்.

"பிள்ள அலறுதது கேக்குமா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"கேக்காம? காதப் பொத்திக்கிட்டுல்லா கெடக்கேன்." அந்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "சரி, அனுப்பச் சொல்லு."

அதன்பிறகு கை அரிக்கும்போதெல்லாம் தாய் மகளை வெளியே தள்ளி, "ஏளா, பிள்ளையப் பிடி!" என்று கத்துவாள். சூடு வைப்பது நின்றது. அறை விழுவது நிற்கவில்லை.

கப்பல் வராத ஒரு பகலில் புருஷன் வீட்டில் இருந்தான். "எம் பொண்டாட்டிக்குப் பாடம் சொல்லுதவ நீதானா?" நான் வாய் திறக்குமுன் அவளைக் கூந்தலோடு இழுத்து நிலைக்கால்மேல் மோதினான். மறுபடியும் மோதினான். விழுந்தவளை மிதித்தான். அவன் கையைப் பிடித்து இழுத்த என்னை உதறியதில் அம்மியில் போய் விழுந்தேன்.

அப்போது தொட்டில் பக்கம் சுளீரென்று சத்தம். சிறுமி விறகுச் சுள்ளியால் தம்பியை அடித்துக்கொண்டிருந்தாள். "அழாத! செத்துத் தொலை, சவமே!"

அவன் திரும்பி, ஒரு விறகுக்கட்டையை உருவிக்கொண்டு மகளிடம் போனான். தாய் தவழ்ந்துபோய் இரண்டு பிள்ளைகளையும் தன் உடம்புக்கடியில் மூடிக்கொண்டாள். கட்டை அவள் முதுகில் இறங்கியது. தோளில் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அடி வாங்கியபடியே அலறினாள்: "ஏளா, பிள்ளைகளப் பிடி!"

அடுத்த வீட்டுக்காரி உலக்கையோடு வந்தாள். அவள் பின்னால் வரிசைப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். "ஏலே, இன்னொரு அடி விழுந்தா ஒன் மண்டை இருக்காது." அவன் எல்லார் முகத்தையும் பார்த்தான். கட்டையைப் போட்டுவிட்டு வெளியேறினான்.

மருந்தகத்தில் கட்டுப் போடும்போது தாய் வலிக்கு அழவில்லை. "நான் பேசுத பேச்சுல்லா அவ பேசுனா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

அவன் திருந்தவில்லை. ஆனால் சத்தம் கேட்டால் பெண்கள் வந்துவிடுவார்கள் என்று தெரிந்தபின் அவன் கை தயங்கியது. தாயும் சில தடவை பொறுமை தவறிப் பிள்ளைகள்மேல் கைநீட்டினாள். நான் கேட்குமுன் தானே சொல்லிவிடுவாள்.

கல்யாணமாகி வேலையை விட்டபோது, விடைபெற அந்த வீட்டுக்குப் போனேன். சிறுமி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். தலைப்பூவைச் சரிசெய்ய நான் கையைத் தூக்கியதும், அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தாய் அவளைத் தொடவில்லை, அதட்டவும் இல்லை. எதிரே தரையில் உட்கார்ந்து, அந்தக் கைகள் இறங்கும்வரை காத்திருந்தாள்.