ஆனை வழிவிட்ட மாலை

என் தம்பி பிறந்த கதையை எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். பஸ்ஸில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தவள் நான் என்பதால், என்னுடையதுதான் சரியானது என்று இன்றும் சாதிப்பேன்.

அப்போது அப்பாவும் அம்மாவும் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார்கள். எனக்கு ஆறு வயது. மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், குறித்த நாளுக்கு வெகு முன்பாகவே அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. வயிற்றைத் தொட்டுப் பார்த்த தோட்டத்து நர்ஸம்மா, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, சீக்கிரம் அம்பாசமுத்திரம் கொண்டு போனால்தான் இரண்டு உயிரும் தங்கும் என்று அப்பாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். தனியே என்றாலும் எங்கள் வீடு ஒற்றை அறை; எல்லோருக்கும் கேட்டது. போனில் சிக்னல் இல்லை. மலையிறங்க அன்றைக்கு மிச்சமிருந்தது கடைசி பஸ் மட்டும்தான்.

பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவு திரும்பியதும் பஸ் நின்றது. சாலையின் நடுவே ஒரு ஆனை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பின்னால் எடுக்கவும் வழியில்லை. டிரைவர் ஹார்ன் அடித்தார். ஆனை காதை விரித்துக்கொண்டு முன்னால் வந்ததும் அவர் கை தானாக இறங்கிவிட்டது.

கண்டக்டர் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். "பிள்ளையாரப்பா, வழிவிடுப்பா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். முழங்கால் போட இடமில்லாததால் அப்பா நின்றபடியே, கர்த்தாவே இந்த மிருகத்தை அகற்றும் என்று உரக்க ஜெபித்தார். ஒருவர் ஆனையையே கும்பிடுகிறார், இன்னொருவர் ஆனையை விரட்டச் சொல்லிக் கும்பிடுகிறார். யார் சொல்வது பலிக்கும் என்று எனக்குப் பெரிய குழப்பம். ஆனை இருவரையும் சட்டை செய்யவில்லை.

கொஞ்ச நேரத்தில் அப்பாவுக்கு ஜெபம் தீர்ந்து ஆத்திரம் வந்தது. துணியில் தீ வைத்து விரட்டுகிறேன் என்று படியில் இறங்கப் போனார். அம்மாதான் சத்தம் போட்டாள்.

"இறங்காதீங்க! அதுக்கு என்ன கஷ்டமோ, நிக்குதுல்லா. அண்ணாச்சி, நீங்க இஞ்சினை அமத்துங்க. அது பைய போகும்."

"உன் நிலைமைக்கு இங்கனயே கிடந்தா எப்படிட்டி?" என்றார் அப்பா.

"என்னையும் பிள்ளையையும் கர்த்தரு கையில குடுத்தாச்சு. அவரு பாத்துக்கிடுவாரு."

இஞ்சின் நின்றது. மழைச் சத்தம் மட்டும். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். பிறகு தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டு, "நீ வச்சுக்கோ" என்றாள். அப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நானோ, அழாமல் உட்கார்ந்திருந்ததற்குப் பரிசு கிடைத்துவிட்டது என்று பூரித்துப்போனேன்.

அப்போதுதான் பள்ளத்துப் பக்கம் செடிகள் அசைந்தன. ஒரு குட்டி ஆனை ஏறப் பார்த்துச் சறுக்கியது. மறுபடியும் சறுக்கியது. பெரிய ஆனை குனிந்து தும்பிக்கையால் வளைத்து அதை மேலே இழுத்துப் போட்டது. சேறு அப்பிய குட்டி ஒருமுறை உடம்பை உதறியது. இரண்டும் சாலையோடு கொஞ்ச தூரம் நடந்து காட்டுக்குள் இறங்கிப் போயின.

"அந்தத் தாயி சொன்னதக் கேக்காம இருந்திருந்தா பஸ்ஸோட பள்ளத்துல கிடந்திருப்போம்வே" என்று டிரைவர் கண்டக்டரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பஸ்ஸைக் கொண்டுவந்து விட்டார். அன்றைக்கே ஆபரேஷன் செய்து தம்பியை எடுத்தார்கள்.

மறுநாள் கண்டக்டர் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். பிள்ளைக்குக் கணேசன் என்றுதான் பெயர் வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அப்பா சிரித்துக்கொண்டே வேதாகமத்திலிருந்து ஒரு பெயரைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் அப்பா சொன்ன பெயர் நிலைத்தது. வீட்டில் அவன் இன்றைக்கும் ஆனைதான். ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான் என்பது வேறு விஷயம்.

கண்டக்டர் போனதும் அம்மா படுத்தபடியே என்னிடம் கையை நீட்டினாள். "ஏட்டி, என் சங்கிலியத் தா."

எனக்குத் தந்ததை எப்படித் திருப்பிக் கேட்கலாம் என்று நான் தரையில் புரண்டு அழுதேன். அம்மா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிய, நிறுத்த முடியாமல் சிரித்தாள். தையல் வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதில் ஒருத்திக்கு அவ்வளவு சந்தோஷம் இருக்க முடியும் என்று எனக்கு அப்போது தெரியாது.