மண்சுவர்க் கடையில் ஒரு காலைச் சாப்பாடு

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர். கிளிநொச்சியிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் வந்து, சின்னம்மா வீட்டில் குளித்து, அவர் அயர்ன் பண்ணித் தந்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஞாயிறு காலை ஏழு மணிக்கு மறுபடி பஸ் ஏறியபோது, இந்தப் பத்துத்தான் எனக்கு நீளமாகத் தெரிந்தது.

பெண் பார்க்கப் போகிறேன். ஆனால் போவதாகக் கணக்கில்லை. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. இரு பகுதியாரும் தற்செயலாக ஓரிடத்தில் இருப்பதுபோல் இருந்து பார்த்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் வேண்டாம் என்றதாக ஆகாது. முன்பு அது கோயில் வீதியில் நடந்தது. இப்போது கொழும்பில் கபேயில் நடக்கிறது.

"நீ ஒரு மேசை, அவை ஒரு மேசை," என்று வாசலில் வைத்துச் சின்னம்மா சொல்லியிருந்தார். "பெட்டையும் தமையன்ர மனிசியும் வருவினம். பார்த்திட்டு எழும்பி வந்திடு. தப்பித்தவறி ஆரும் கேட்டா, அப்பா வீடு கட்டக் கொந்தராத்து எடுக்கிற கொந்தராத்துக்காரர். நான் அப்பிடித்தான் சொல்லி வைச்சிருக்கிறன்."

"அப்பா சுவர் பூசுற மேசனெல்லோ சின்னம்மா?"

"படிச்ச குடும்பமடா அது. நீ வாயைத் திறக்காட்டிச் சரி."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்து, பல்கலைக்கழகம் போய், அரசாங்க வேலை எடுத்த முதல் ஆள் நான். அதற்கான காசு அப்பாவின் மட்டப்பலகையிலிருந்துதான் வந்தது. பஸ்ஸில் கோட்டை, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி என்று ஒவ்வொன்றாகப் போக, அந்தக் 'கொந்தராத்து' நெஞ்சில் மீன் முள்ளாக நின்றது.

"வெல்லவத்த, பஹின்ன!" என்று கண்டக்டர் இறங்கச் சொல்லிக் கத்தினார்.

காலி வீதியில் புடவைக் கடைகள் இன்னும் திறக்கவில்லை. கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில், ரயில் பாதைக்குச் சற்று முன்னால் அந்தக் கபே இருந்தது. அமெரிக்காவின் தென்மேற்குப் பக்கத்துச் சாப்பாடு, அதாவது அரிசோனா பாலைவனத்துச் சாப்பாடு. அங்கே பல வருடம் சமையல் வேலை செய்து திரும்பிய ஒரு முஸ்லிம்தான் முதலாளி, எல்லோருக்கும் அவர் 'நானா', அதாவது அண்ணன். வாசலில் கள்ளிச்செடிகள். உள்ளே மண்நிறச் சுவர், மூலைகள் எல்லாம் உருண்டையாக. வெளியே கடல் உப்புக்காற்று. உள்ளே மழை காணாத ஊர்.

சின்னம்மா ஒன்றை விசாரிக்கவில்லை. அங்கே இருந்ததே ஒரு மேசைதான். நீட்டு மேசை, இரு பக்கமும் உட்கார வாங்குப் பலகைகள். அதன் நடுவில் இரண்டு பெண்கள், சின்னம்மா சொன்ன பெட்டையும் அவளின் அண்ணியும், இருந்தார்கள்.

"இதுல இருங்க தம்பி, எல்லாரும் ஒண்டாத்தான் இங்க," என்று நானா என்னை அவர்களுக்கு நேர் எதிரே இருத்திவிட்டார்.

அவளும் அண்ணியும் மெனு அட்டைக்குள் தலையைப் புதைத்தார்கள். நானும் புதைத்தேன். பெயர்கள் வாயில் நுழையவில்லை, விரலால் காட்டினேன். ஆயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாவுக்கு வந்தது இதுதான்: சோள ரொட்டி இரண்டு, மேலே பொரித்த முட்டை, பக்கத்தில் மசித்த கறுப்பு அவரை, ஒரு கிண்ணத்தில் தக்காளியும் பச்சை மிளகாயும் அரைத்த சட்னி. முள்ளுக்கரண்டி பட்டதும் ரொட்டி வழுக்கியது. கையால் பிய்த்துச் சாப்பிட்டேன். எதிரே அவளும் கரண்டியை வைத்துவிட்டுக் கையால் பிய்த்தாள்.

"நல்ல மண் சுவர், என்ன அண்ணி? குளிரா இருக்கு," என்றாள்.

என்னால் இருக்க முடியவில்லை. "அது மண் இல்லை. சீமெந்துப் பூச்சு. நிறம் கலந்து, கடைசியில கையால தடவி விட்டிருக்கினம். விரல் பட்ட இடம் தெரியுது பாருங்கோ."

முதன்முறையாக நேராகப் பார்த்தாள். "எப்பிடித் தெரியும்?"

"அப்பா மேசன்."

அண்ணியின் கரண்டி தட்டில் விழுந்தது. "கொந்தராத்துக்காரர் எண்டெல்லோ சொன்னவை?"

சொன்ன பிறகுதான் தன் வாயைப் பொத்தினார். முன்பின் தெரியாத ஆளின் அப்பாவைப் பற்றி யார், எப்போது சொன்னார்கள்? கடல் பக்கம் ஒரு ரயில் தடதடத்துப் போனது.

"இல்லை," என்றேன். "கூலிக்குப் பூசுற மேசன். நான் பிறக்க முதலே அந்த வேலைதான்."

அண்ணி தேநீரைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்கிப் பார்த்து, தோற்று, மிளகாய்ச் சட்னிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். "அண்ணி பிடிபட்டாச்சு. இனி என்னத்தை ஒளிக்கிறது? சாப்பிடுங்கோ, ஆறுது."

பிறகு போனை எடுத்துச் சுவரைப் படம் பிடித்தாள். நான் ஒதுங்கினேன்.

"அப்பிடியே இருங்கோ. சுவரின்ர அளவு தெரிய வேணுமெல்லோ. அப்பாட்டைக் காட்டுங்கோ, பூச்சு எப்பிடியெண்டு கேப்பம். நம்பரைச் சொல்லுங்கோ."

அண்ணி, "அடியே!" என்றார். நான் நம்பரைச் சொன்னேன்.

மதிய ரயிலில் ஊருக்குப் புறப்பட்டேன். ராகமை தாண்டும்போது சின்னம்மா அழைத்தார். அண்ணி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். "கெடுத்துப் போட்டியேடா! பெரியவை கதைச்சு முடிவு சொல்ல ஒரு கிழமையாகுமாம்." ஆகட்டும் என்றேன்.

எங்கள் வீட்டுச் சுவர் பாதிதான் பூசியது. ஊர்ச் சுவர்களை எல்லாம் பூசும் அப்பாவுக்கு அதற்கு மட்டும் இன்னும் நேரம் வரவில்லை. அவள் எனக்கு அனுப்பியிருந்த படத்தை அவருக்கு அனுப்பினேன். உருண்டையான சன்னல் மூலை, மண்நிறச் சுவர், அதன் ஓரத்தில் வாய் நிறைய ரொட்டியோடு நான்.

பொல்காவலையில் அப்பாவின் குரல் பதில் வந்தது.

"பூச்சு பரவாயில்லை. சன்னல் மூலைதான் கொஞ்சம் பிசகு." ஒரு செருமல். "அது கிடக்கட்டும். படம் ஆர் எடுத்தது?"