அபாயாக் கையில் வெள்ளைக் கோடுகள்

வெள்ளை இங்க் போத்தலைக் கவிழ்த்து, நிமிர்த்தி, மறுபடியும் கவிழ்க்கிறாள் றுஸைனா. அடியில் படிந்தது கரையும்வரை கை ஓயாது. வேகமாய்க் குலுக்கினால் நுரை கட்டும். நுரை உள்ளே போனால் அடைப்பு. அதனால் தூங்குகிற பிள்ளையைத் தோள் மாற்றுகிற பதம். விடியலில் சுபஹு தொழுதபின், தேத்தண்ணிக்கு முன்னால், இது நடக்கும். பெருநாள் காலையிலும் நடக்கும். “எனக்கு சலாம் சொல்ல முந்தி மெஷினுக்குச் சொல்லுவா,” என்பார் கணவர் அன்ஸார்.

பலாபத்வலையில், கண்டி–யாழ்ப்பாண வீதியைப் பார்த்த முன்னறையில் நிற்கிறது அந்த மெஷின். கண்ணாடி போன்ற பிலிமில் படம் அடித்து, பசைப் பவுடர் தூவிச் சூட்டில் அழுத்தினால், படம் டீசேர்ட்டில் ஒட்டிக்கொள்ளும். எல்லா நிறத்துக்கும் பின்னால் வெள்ளை போக வேண்டும். அதுதான் சீக்கிரம் படியும், சீக்கிரம் அடைக்கும். “மத்த கலரெல்லாம் நம்ம வீட்டாள் மாதிரி. வெள்ளை, மாப்பிள்ளை வீட்டாள். ஒரு நாள் கவனிக்காட்டி மூஞ்சத் தூக்கிரும்,” என்பாள்.

இங்க் பீச்சுகிற ஹெட்டின் முகத்தில் அவள் விரலை வைப்பதே இல்லை. அது இளைப்பாறும் ரப்பர் மூடியையும், அதைத் துடைக்கும் ரப்பர் நாக்கையும் பஞ்சுக் குச்சியால் சுத்தம் செய்வாள். பிறகு ஒரு துண்டுப் பிலிமில் சோதனைக் கோடுகள் அடிப்பாள். தெளிந்த பிலிமில் வெள்ளைக் கோடு கண்ணுக்குப் பிடிபடாது. அதைத் தன் கறுப்பு அபாயாவின் இடது கையில் ஒட்டி, வாசல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்ப்பாள். அந்தக் கையில் முழங்கை வரைக்கும் வெள்ளைப் புள்ளிகள், துவைத்தாலும் போகாது. கலியாண வீட்டுக்கு வேறு அபாயா வைத்திருக்கிறாள்.

நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் பட்டன். ஹெட் ஓடிப்போய் மூடியில் ‘டக்’கென்று உட்காரும். “வீட்டுக்குப் போச்சு,” என்பாள். அதற்குப் பிறகுதான் பிளக்கில் கை வைப்பாள்.

நேற்று நாலந்தாவில் ஒரு மையத்து வீடு, சொந்தத்தில் ஒரு சாவு. தோட்டத்து கிரிக்கெட் டீமுக்கான கறுப்பு டீசேர்ட் வேலை ஓடிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொள்ளும்படி கணவரிடம் சொல்லிவிட்டுப் போனவள், இரவு அங்கேயே தங்கி, இன்று காலை முதல் பஸ்ஸில் வந்தாள். மெஷினின் மேல்மூடியைத் திறந்தாள். ஹெட் நட்டநடுவே நின்றது. ராவெல்லாம் வாயைத் திறந்தபடி காய்ந்திருக்கிறது.

“இடி முழங்கிச்சு புள்ள. போன வருஷம் டீவி போன மாதிரி இதுவும் போயிருமென்டு பிளக்கைக் கழட்டினேன்.”

“பட்டனை அமத்தினீங்களா?”

“பட்டனா?”

அவள் அபாயாவைக்கூட மாற்றாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முன்னறை, அன்ஸாரின் தம்பி அக்ரமின் பங்கு. மெஷின் ஓடுகிறவரை அண்ணிக்கு, நின்றால் தனக்கு என்று குடும்பத்தார் முன்னால் பேசி வைத்தது. மோட்டார்சைக்கிள் சாமான் கடை போட அவனுக்கு ஆசை. செய்தி அவன் காதுக்கு எப்படிப் போனதோ, பத்து மணிக்கெல்லாம் அளவு நாடாவோடு வாசலில் நின்றான்.

“சும்மா அளந்து பாக்கத்தான், மைனி.”

“மூச்சு ஈக்கக்குள்ளயே மையத்துக்குக் கபன் துணி அளவெடுக்க வந்தீங்களா?”

அக்ரம் சிரித்தான். போகவில்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டான்.

ரப்பர் மூடியில் கழுவுகிற திரவத்தை நிரப்பி, ஹெட்டை மெல்ல அதன் மேல் கொண்டுவந்து ஊறவிட்டாள். பிறகு, ஹெட் வழியே இங்கை இழுத்துக் கழுவும் கிளீனிங், ஒரே ஒருமுறை. பிலிமைக் கையில் ஒட்டிப் பார்த்தாள். வெள்ளைக் கோடுகளில் பாதி இல்லை.

“பல்லு விழுந்த வாய்,” என்றாள்.

“இன்னொருக்கா கிளீனிங் குடுப்பமா?” அன்ஸாரின் குரல் இறங்கியிருந்தது.

“வாணாம். மேல மேல குடுத்தா இங்க்தான் வீண். ஊறட்டும்.”

“ஊசியால தள்ளினா சரியாகுமென்டு யூடியூப்ல ஒருத்தன்…”

“வாயைக் கிழிச்சி சோறூட்டுறது அது. பேசாம இருங்க.”

அவர் துவாயை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து மெஷின் பக்கத்தில் தொங்கவிட்டார். காற்று காய்ந்தால் ஹெட்டும் காயுமென்று அவள் சொன்னதில் அவருக்கு நினைவிருந்தது அது ஒன்றுதான். அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. மெஷினின் மூடியில் உள்ளங்கையை வைத்தபடியே இருந்தாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல. தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது. வீதியில் லொறிகள் போயின. அக்ரம் சுவரின் ஒரு மூலையை ஓசைப்படாமல் அளந்தான்.

மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து திரவத்தை மாற்றினாள். மறுபடி ஊறல், மறுபடி ஒரு கிளீனிங். மெஷின் முனகியது, நின்றது, பிலிமைத் தள்ளியது. அதை எடுத்தவள் உடனே பார்க்கவில்லை. கையில் ஒட்டி, விரலால் ஒருமுறை நீவி, அதன்பிறகே வாசல் பக்கம் திரும்பினாள். வரிசையாக வெள்ளை. ஓரத்தில் ஒரு கோடு மட்டும் அறுந்திருந்தது.

கையை அப்படியே அக்ரமின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“ஒரு பல்லுத்தான் இல்ல. சோறு திங்கலாம்.”

நாடா சர்ரென்று டப்பாவுக்குள் சுருண்டது. “அப்ப வாறேன் மைனி,” என்று வீதியில் இறங்கினான் அக்ரம்.

டீசேர்ட்டுக்கான கடைசிப் பிலிம் வெளியே வந்தபோது மலைப்பக்கம் இடி உருண்டது. அன்ஸாரின் கை தன்னாலே பிளக்குக்குப் போனது. றுஸைனா அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். இழுத்துக்கொண்டு வந்து அவர் விரலைப் பட்டனில் வைத்து அழுத்தினாள். ஹெட் ஓடத் தொடங்கியது. அடுத்த இடி இன்னும் கிட்டத்தில் விழுந்தது. ‘டக்’ என்ற சத்தம் கேட்கும்வரை அவள் பிடியை விடவில்லை.